ஒரே பிரதி, 240 பக்கம்: அச்சு நூலைக் குறைந்த செலவில் மின்கோப்பாக்க என்ன வழி?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன். தாத்தா எழுதி 1974இல் அச்சான 240 பக்க நூல். மிஞ்சியிருப்பது ஒரே பிரதி. வெளியிட்ட பதிப்பகம் இன்று இல்லை. குடும்பத்தில் எல்லோரும் கைபேசியில் படிக்கவும், உள்ளே வரும் பெயர்களைத் தேடி எடுக்கவும் வசதியாக ஒரு கோப்பு வேண்டும். பெரிய தொகை கையில் இல்லை. ஸ்கேனர் வாங்குவதா, ஆள் வைத்துத் தட்டச்சு செய்வதா, வேறு வழி இருக்கிறதா?

ஸ்கேனர் வாங்க வேண்டாம். கையிலிருக்கும் கைபேசி போதும். இந்த வேலையில் செலவு கருவியில் இல்லை, பிழை திருத்துவதில்தான் இருக்கிறது. 240 பக்கத்தையும் படமெடுக்க ஒரு முற்பகல் போதும். அதைப் பிழையில்லாத எழுத்துக் கோப்பாக மாற்ற வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களை உங்கள் உழைப்பாகத் தருகிறீர்களா, பிறருக்குக் கூலியாகத் தருகிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் மொத்தச் செலவும் அமையும். எனவே எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த மாதிரிக் கோப்பு வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோப்பு மூன்று விதம். முதலாவது, பக்கங்களின் படங்களை வரிசையாக அடுக்கிய பிடிஎஃப். படிக்கலாம், அச்சிடலாம், தேட முடியாது. இரண்டாவது, அதே படங்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்த பிடிஎஃப். பார்க்கிறவருக்குத் தாத்தாவின் நூலின் அதே பக்கம்தான் தெரியும். தேடினால் சொல் கிடைக்கும். மூன்றாவது, முழுக்க எழுத்தாக மாற்றி, திரை அளவுக்கு ஏற்ப வரி மடங்குகிற ஈபப் கோப்பு. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், செயலியை வாசித்துக் காட்டச் சொல்லலாம். கைபேசியில் படிக்க இதுதான் சுகம், பிழைதிருத்தம் முழுவதும் விழுவதும் இதில்தான். நான் சொல்வது, இரண்டாவதை இந்த மாதமே முடித்துவிடுங்கள். மூன்றாவதை நிதானமாக, அத்தியாயம் அத்தியாயமாகச் செய்யுங்கள். நேராக மூன்றாவதில் இறங்கிப் பாதியில் நின்றுபோன நூல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படமாவது முழுதாக இருந்தால், விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடர முடியும்.

படமெடுக்கும் முன்னால் ஒருமுறை தேடிப் பாருங்கள். இணைய ஆவணகம் (archive.org), தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு ‘நூலகம்’ திட்டம் போன்ற இடங்களில் யாரோ முன்பே படமெடுத்து வைத்திருக்கக்கூடும். பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. தாத்தா எழுதிக்கொடுத்து உரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றியிருக்காவிட்டால் அது வாரிசுகளுடையது. எல்லா வாரிசுகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அடுத்தவர் நூலாக இருந்தால் ஆசிரியர் இறந்த ஆண்டைப் பாருங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கைப்படி அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டு உரிமை இருக்கும். இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. அந்தக் காலம் முடியாத நூலைப் பொதுவெளியில் ஏற்ற உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

இப்போது படமெடுப்பது. முதுகை வெட்டித் தாள்களைப் பிரித்து, தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் விடுவதுதான் உள்ளதிலேயே வேகமான வழி. நிறையப் பிரதிகள் இருக்கிற நூலுக்கு அதையே செய்யச் சொல்வேன். ஒரே பிரதிக்குக் கூடவே கூடாது. ஐம்பது வருடத் தாள் மடிப்பு தாங்காது, உருளையில் சிக்கினால் கிழிந்துவிடும். கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும் தட்டை ஸ்கேனர் தெரிந்தவர் வீட்டில் இருந்தாலும் கவனம் வேண்டும். விலை குறைந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் என்ற உணரி வகையைச் சேர்ந்தவை. தாள் கண்ணாடியை விட்டுச் சில மில்லிமீட்டர் எழும்பினாலே எழுத்து மங்கிவிடும். தையல் ஓரம் எப்போதும் எழும்பித்தான் நிற்கும். அதைச் சமாளிக்க நூலை அழுத்துவோம், 240 தடவை அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். சிசிடி உணரி கொண்ட பழைய தடித்த ஸ்கேனர் கிடைத்தால் தையல் ஓரம் ஓரளவு தெளிவாக விழும்.

கைபேசி ஏன் போதும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படத்திலிருக்கும் எழுத்தைப் படித்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் நிரலான எழுத்துணரிக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ இருந்தால் போதும். எழுத்து மிகச் சிறிதாக இருந்தால் 400. உங்கள் நூலின் பக்கம் 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 பிக்சல். ஒரு பக்கத்தை மட்டும் சட்டம் நிறைய எடுத்தால் 4000ஐ 8.5ஆல் வகுக்க, சுமார் 470 டிபிஐ. சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டாலும் 400க்குக் குறையாது. விரித்த இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்தால் 350, இடம் விட்டால் 300 பக்கம் வந்து நிற்கும். அது எல்லைக்கோடு. அதனால்தான் பக்கம் பக்கமாக எடுக்கச் சொல்கிறேன்.

கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்காதீர்கள். கெடுவதெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. இருபது பக்கத்துக்குப் பிறகு கை தளர்ந்து, கோணம் மாறி, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அளவில் வரும். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு பலகையோ கண்ணாடியோ வைத்து, அதன் விளிம்பில் கைபேசியின் கேமரா கீழே பார்க்கும்படி வைத்தால் போதும். நூலை வைக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரையைத் தொட்டால் ஆடும் என்பதால், காதொலிக் கம்பியில் இருக்கும் ஒலிப் பொத்தானை அழுத்தி எடுங்கள், இல்லையென்றால் இரண்டு நொடித் தாமதம் வையுங்கள். குவியத்தையும் வெளிச்ச அளவையும் முதல் பக்கத்திலேயே பூட்டிவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து அங்கிருக்கும் எழுத்து காணாமல் போகும். நேர்வெயில் படாத சன்னலோரம் நல்லது. விளக்கு என்றால் இரண்டு, இரு பக்கமும் சாய்வாக, ஒரே வகை பல்பு.

நூலை முழுக்க விரிக்காமல் 100 அல்லது 110 பாகைக்கு மட்டும் திறந்து வைப்பது முதுகைக் காப்பாற்றும். நூலகங்களில் இதற்காகவே வி வடிவத் தொட்டில் இருக்கும். 2009இல் டேனியல் ரீட்ஸ் என்பவர் மலிவான பொருள்களையும் இரண்டு சாதாரண கேமராக்களையும் வைத்து இதை வீட்டிலேயே செய்யும் முறையை வெளியிட்டார். அதைப் பார்த்து உலகெங்கும் பலர் சொந்தமாகச் செய்துகொண்டார்கள். ஒரே நூலுக்கு அவ்வளவு தேவையில்லை. அட்டைப்பெட்டி ஒன்றைச் சாய்வாக வெட்டி, ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்க, மறுபக்க அட்டை சாய்வில் சாய்ந்திருக்கும்படி வைத்தால் சரியாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கத்தின்மேல் ஓரம் மழுக்கிய ஒரு கண்ணாடித் துண்டை மெதுவாக வைத்தால் வளைவு போய்விடும். விளக்கு பிரதிபலித்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள்.

இந்த அமைப்பில் முதலில் வலப்பக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் நூலைத் திருப்பி வைத்து இடப்பக்கங்கள். கோப்புகளுக்கு 001, 003, 005 என்றும் 002, 004, 006 என்றும் பெயர் வைத்தால் தாமாகவே வரிசையாகிவிடும். மொத்தமாகப் பெயர் மாற்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் ஒரு கறுப்புத் தாளைச் செருகுவது சின்ன வேலை, ஆனால் பலன் பெரிது. பழைய மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியும். கறுப்பு வைத்தால் அது அடங்கிவிடும். எழுத்துணரி அந்த நிழலெழுத்தைப் புள்ளியாகவும் கொம்பாகவும் படித்துத் தருவதை விட இந்தத் தாள் எவ்வளவோ மேல்.

எடுத்து முடித்ததும் நூலை மூடிவைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பக்க எண்ணைச் சரிபாருங்கள். ஒரு தடவை, இரவலாகக் கிடைத்த நூலைப் படமெடுத்துத் திருப்பிக் கொடுத்த பிறகுதான், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு நடுவில் இரண்டு பக்கம் விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு பக்கத்துக்காக மறுபடி ஒரு நாள் பயணம். அட்டை, உள்ளட்டை, வெற்றுப் பக்கம், தாத்தாவின் கையெழுத்தோ ஓரக்குறிப்போ உள்ள பக்கம் எல்லாவற்றையும் வண்ணத்திலேயே எடுங்கள். படங்களைக் கணினிக்குக் கொண்டுபோகும்போது வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கம்பி வழியாகவோ ஆவணமாகவோ அனுப்புங்கள்.

அடுத்தது துப்புரவு. இதற்கு ஸ்கேன்டெய்லர் என்ற இலவச நிரல் ஒன்றே போதும். பக்கத்தை நிமிர்த்தும், கோணலைச் சரிசெய்யும், எழுத்துப் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும், எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஓரம் விடும். கடைசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தரும். இந்தக் கடைசிப் படியில் தமிழுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. மையை மெலிதாக்கும் பக்கம் அளவைத் தள்ளினால் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். தடிப்பாக்கினால் சுழிகள் அடைபட்டு ன, ண வேறுபாடு போய்விடும். கையால் கோத்த ஈய எழுத்தில் அச்சான நூலில் புள்ளி ஏற்கெனவே பாதி தேய்ந்துதான் இருக்கும். அதனால் படிப்பதற்கான பிடிஎஃப்புக்குக் கறுப்பு வெள்ளை, எழுத்துணரிக்குச் சாம்பல் நிறப் படம் என்று இரண்டு தொகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுத்த மூலப் படங்களை அழிக்காதீர்கள். நாளை இன்னும் நல்ல எழுத்துணரி வந்தால் அவைதான் உதவும்.

கோப்பின் அளவைச் சுருக்கும்போதும் ஒரு விஷயம். ஜேபிக்2 என்ற சுருக்கும் முறையில், ஒரே மாதிரி தெரிகிற எழுத்துகளை ஒன்றாகக் கருதி ஒரே படத்தை எல்லா இடத்திலும் போடும் வழி உண்டு. 2013இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் நகலெடுப்பு இயந்திரங்கள் இதனால் 6ஐ 8 ஆக்கிவிடுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். படம் தெளிவாகவே இருக்கும், எண் மட்டும் தவறாக இருக்கும். தமிழில் எ, ஏ போல ஒரு சிறு கோட்டில் வேறுபடும் எழுத்துகள் பல. ஆகவே இழப்பில்லாத சுருக்கத்தையே தேர்ந்தெடுங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை.

எழுத்துணரி என்று வரும்போது காசில்லாத வழிகள் இரண்டு. ஒன்று டெசராக்ட். ஹெச்பி நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, 2005இல் திறமூலமாகி, பிறகு கூகுள் ஆதரவில் வளர்ந்தது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலைப்பின்னல் முறையில் வரி வரியாகப் படிக்கிறது. தமிழ் மொழித் தரவைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற நிரல் இந்த டெசராக்ட்டைக் கொண்டே, நீங்கள் கொடுக்கும் படப் பிடிஎஃப்பின் பின்னால் எழுத்து அடுக்கைச் சேர்த்துத் தந்துவிடும். நான் மேலே சொன்ன இரண்டாவது வகைக் கோப்பு அதோடு தயார். இன்னொன்று, கூகுள் டிரைவில் படத்தை ஏற்றிக் கூகுள் டாக்ஸில் திறப்பது. பழைய தமிழ் அச்சில் என் கைக்கு இதுதான் குறைந்த பிழையோடு வந்திருக்கிறது. ஆனால் வெளியில் காட்ட விரும்பாத கையெழுத்துப் படி, குடும்பக் கடிதம் போன்றவற்றுக்கு இணையத்துக்கே போகாத டெசராக்ட் நல்லது.

எழுத்துணரியின் ‘98 விழுக்காடு சரி’ என்பதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். பக்கத்துக்கு 1,500 எழுத்து என்றால் 98 விழுக்காட்டில் பக்கத்துக்கு 30 பிழை. 240 பக்கத்துக்கு 7,200. தேடுவதற்கு இது தாங்கும். ஆறெழுத்துப் பெயர் ஒன்று பத்து இடத்தில் வந்தால் சராசரியாக ஒன்பது இடத்தில் அகப்படும். படிப்பதற்குத் தாங்காது.

பிழைகள் எங்கே விழும் என்று தெரிந்தால் வேலை பாதியாகும். காலும் ர எழுத்தும் ஒன்றுக்கொன்று மாறும். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகும், எ ஏயாகும், ஒ ஓவாகும். புள்ளி விழுந்துபோய்க் ‘கண்’ என்பது ‘கண’ ஆகும். கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு: கௌ என்ற ஓர் எழுத்து, கெ, ள என்று இரண்டு எழுத்தாக விழுந்திருக்கும். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. ‘கெளரவம்’, ‘மெளனம்’, ‘பெளர்ணமி’ போன்ற சொற்களைத் தனியாகத் தேடி மாற்றுங்கள். ஆனால் ‘கெளிறு’ என்ற மீனின் பெயர் அப்படியேதான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றச் சொல்வது இதனால்தான்.

உங்கள் நூல் 1974இல் அச்சானது என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன்பு ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போட்ட வடிவத்திலும், ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார எழுத்துகள் சுழித்த வடிவத்திலும் அச்சாயின. மொத்தம் 13 எழுத்து. எழுத்துணரி புதிய வடிவங்களில் பழகியது, இவற்றில் தடுமாறும். ஆறுதல் என்னவென்றால், ஒரே நூலில் ஒரே தவற்றையே பெரும்பாலும் திரும்பத் திரும்பச் செய்யும். முதல் ஐந்து பக்கத்தைத் திருத்தும்போது எது எதுவாக வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை வைத்துத் தேடி மாற்றினால் கணிசமான பிழைகள் ஒரே நாளில் குறையும்.

வரி முடிவும் தொல்லை கொடுக்கும். பழைய தமிழ் நூல்களில் இணைப்புக்கோடு எதுவும் இல்லாமலே சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். வரிகளை ஒட்டும்போது நடுவில் இடைவெளி விழுந்து ‘பார்த் தான்’ என்று நிற்கும். இதை நிரலால் முழுக்கத் தீர்க்க முடியாது. ஒற்றெழுத்தில் முடிகிற வரிகளைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

சரி, தட்டச்சு செய்வதே மேலா? ஐந்து பக்கச் சோதனையில் பதில் கிடைத்துவிடும். பக்கத்துக்கு 15 பிழைக்குள் இருந்தால் எழுத்துணரி. 50க்கு மேல் போனால் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவு. திருத்தித் திருத்தி அலுத்துப்போன கண் மீதிப் பிழைகளையும் விட்டுவிடும். இடையில் ஒரு வழி உண்டு. கைபேசியின் குரல்தட்டச்சைத் தமிழில் வைத்து, நூலை உரக்க வாசிப்பது. தெளிவான உரைநடைக்கு நன்றாக வருகிறது. நிறுத்தற்குறிகளைப் பிறகு இட வேண்டிவரும். செய்யுளுக்கும் வட்டார வழக்குக்கும் உதவாது. பழக்கமான சொல்லாக அது மாற்றிப் போட்டுவிடும். வெளியில் தட்டச்சுக்குக் கொடுப்பதானால், யூனிகோடில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் அடித்துத் தந்தால் கைபேசியில் கிறுக்கலாகத்தான் தெரியும், மாற்றியைக் கொண்டு மறுபடி மாற்ற வேண்டும்.

இதே கேள்வி 1990களுக்குப் பிறகு அச்சான நூலைப் பற்றியதாக இருந்தால் பதில் வேறு. அது கணினியில் கோக்கப்பட்டிருக்கும். அச்சகத்திலோ, அட்டை செய்தவரிடமோ, ஆசிரியரின் பழைய வட்டுகளிலோ மூலக் கோப்பு கிடந்தால், அதை யூனிகோடுக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. முதலில் அதைத் தேடுங்கள்.

பிழைதிருத்தத்துக்கு நான் நம்புவது பழைய முறையைத்தான். ஒருவர் அச்சு நூலைப் பார்த்து வாசிக்க, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லையென்றால், கைபேசியைத் திரையில் இருப்பதை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நூலைப் பாருங்கள். கண் தாண்டிப்போகிற கொம்பும் காலும் காதில் உறுத்தும். தன்னார்வலர்கள் பழைய நூல்களை எழுத்தாக்கும் விக்கிமூலம் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் மெய்ப்பு பார்த்தால் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை என்று குறிப்பார்கள். குடும்பத்தில் நான்கு பேர் அறுபது அறுபது பக்கமாகப் பிரித்துக்கொண்டு, அப்புறம் மாற்றிக்கொண்டு பார்த்தால் செலவில்லாமல் அதே தரம் வரும். தாத்தா எழுதிய சந்தியையும் வழக்கையும் இன்றைய இலக்கணத்துக்குத் திருத்த வேண்டாம். அச்சுப்பிழை வேறு, அவர் நடை வேறு. நூலின் கடைசியில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு தாள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் அவர் கேட்ட மாற்றங்களைச் செய்துவிடலாம், அந்தத் தாளையும் படமாக விட்டுவைக்கலாம்.

ஈபப் ஆக்குவது எளிது. லிப்ரே ஆபிஸில் அத்தியாயத் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியைக் கொடுத்துச் சேமித்து, காலிபர் நிரலில் மாற்றினால் பொருளடக்கம் தானாக வந்துவிடும். பக்க எண், பக்கத் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் நூற்பெயர் ஆகியவற்றை முன்னரே நீக்கிவிடுங்கள். பழைய பக்க எண்ணைக் காட்டி யாராவது மேற்கோள் தரக்கூடிய நூல் என்றால் அதை அடைப்புக்குள் விட்டுவைப்பதும் நல்ல வழக்கம்தான்.

மூலப் படங்கள், பிடிஎஃப், எழுத்துக் கோப்பு மூன்றையும் இரண்டு வேறு வீடுகளில் இரண்டு வட்டுகளிலும், இணையச் சேமிப்பில் ஒரு படியுமாக வையுங்கள். பொதுவில் வைக்க எல்லோரும் சம்மதித்தால் இணைய ஆவணகத்தில் ஏற்றலாம், காசு கேட்பதில்லை. இப்போதைக்கு முன்னுரையின் ஐந்து பக்கத்தை மட்டும் சன்னலோரத்தில் வைத்துப் படமெடுத்து, கூகுள் டாக்ஸில் திறந்து, பக்கத்துக்கு எத்தனை பிழை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தைத் திருத்த எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தை 240ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் நூலுக்கான உண்மையான செலவு.